செல்ஃப் நன்றாகச் சுற்றியும் டிராக்டர் இன்ஜின் பிடிக்கவில்லை. பிடித்தாலும் சற்று ஓடி நின்றுவிடுகிறது

கல்லல் உழவர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கல்லலுக்கு அருகே கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் எங்கள் வீட்டில் மூன்று சிலிண்டர் கொண்ட பழைய டிராக்டர் ஒன்று இருக்கிறது. தை அறுவடை முடிந்து, நெல் மூட்டைகளைப் புதுவயல் அரிசி ஆலைக்கு ஏற்றிச் சென்றதோடு அதற்கு வேலை ஓய்ந்தது. அதன் பின்னர் பாதிக்கும் குறைவான டீசலோடு கொட்டகையிலேயே நின்றது. இப்போது ஆவணி மழை ஓரளவு பெய்து, புழுதி உழவு ஓட்டி விதைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதால் வண்டியை எடுக்க முற்பட்டேன்.

பேட்டரியைக் கழற்றி முழுமையாகச் சார்ஜ் செய்து மாட்டினேன். இன்ஜினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டார் வேகமாகவே சுற்றுகிறது. ஆனால் எவ்வளவு சுற்றினாலும் சைலன்சரில் துளிப் புகையும் வருவதில்லை. இரண்டு டீசல் ஃபில்டர்களையும் புதிதாக மாற்றி, கைப்பம்பை அடித்து ஏர் எடுத்த பிறகு, அதாவது டீசல் பாதையில் தங்கிய காற்றை வெளியேற்றிய பிறகு, இன்ஜின் பிடித்தது. கொட்டகையிலிருந்து வாய்க்கால் வரை நன்றாக ஓடிய வண்டி, அங்கே வேகம் கூடுவதும் குறைவதுமாகத் தடுமாறி நின்றுவிட்டது. மறுபடியும் ஏர் எடுத்தால் ஓடுகிறது, சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. வந்து பார்த்த ஒருவர், டீசல் பம்பைக் கழற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். விதைப்புச் செலவு கையைக் கடிக்கிற நேரத்தில் அந்தச் செலவு அவசியந்தானா? அதற்கு முன்னால் நானே சோதித்துப் பார்க்கக்கூடியவை எவை என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அரிமளம் விவசாயி எழுதியது:

எங்கள் பக்கத்தில் இப்படி நின்றால் பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனர் வாயில் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பார்கள். இல்லையென்றால் இன்னொரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து கியரில் விடுவார்கள். பெரும்பாலும் பிடித்துவிடும். முயன்று பாருங்கள்.

தேவகோட்டை பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, பம்பைக் கழற்ற வேண்டாம். ஏர் எடுத்தவுடன் இன்ஜின் பிடித்து நன்றாக ஓடுகிறது என்றால் பம்பு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில், அங்கே காற்றை இறுக்கும் கம்ப்ரஷன் மூன்றும் தத்தம் வேலையைச் செய்கின்றன என்றுதான் பொருள். அவற்றில் பெரிய பழுது இருந்திருந்தால் வண்டி வாய்க்கால் வரை வந்திருக்காது. பம்பைப் பிரித்துவிட்டால் கோளாறு அங்கே இருந்ததா இல்லையா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூலி மட்டும் நிச்சயமாக எழுதப்படும்.

அரிமளத்து நண்பர் கோபிக்கக் கூடாது, அவர் சொன்ன இரண்டுமே இந்த வண்டிக்கு ஆகாதவை. பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்தே உள்ளே போவதால் அது பற்றும் நேரம் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே வெடித்து கனெக்டிங் ராடை வளைத்துவிடக்கூடும், பிடித்திருப்பவர் கையும் தீய்ந்துபோகும். இழுத்து ஸ்டார்ட் செய்வதில் வேறொரு கேடு உண்டு. டீசல் பம்பின் உள்ளே டீசலை அழுத்தித் தள்ளும் தண்டுகளான பிளஞ்சர்களுக்கு டீசல்தான் எண்ணெய். டீசல் வராத பம்பை வறட்டுத்தனமாகச் சுற்ற வைத்தால், இல்லாத பழுதை நாமே உண்டாக்குவதாகும். செல்ஃபையும் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று கொள்ள வேண்டும். அப்போதுதான் கம்ப்ரஷன், நாசில், டீசல் பாயும் நேரமான டைமிங் பற்றி யோசிக்க வேண்டும். புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டரை எட்டவே இல்லை. நீண்ட காலம் நின்ற வண்டியில், இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கம்பி துருப்பிடித்து, நாம் உள்ளே தள்ளினாலும் பம்பிலுள்ள லீவர் நிறுத்திய நிலையிலேயே மாட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. உங்கள் வண்டி ஓடி நின்றிருப்பதால் உங்களுக்கு அது காரணமில்லை. புகையே வராமல் சுற்றுகிற வண்டி வைத்திருக்கும் மற்றவர்கள் முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் சிறு பம்பான ஃபீட் பம்பு வரை உள்ள பகுதியில் டீசல் இழுக்கப்படுகிறது. ஃபீட் பம்பிலிருந்து ஃபில்டர்கள் வழியாக டீசல் பம்பு வரை அது தள்ளப்படுகிறது. தள்ளும் பகுதியில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். இழுக்கும் பகுதியில் கசிவு இருந்தால், ஓட்டை விழுந்த குழலில் இளநீர் குடிப்பதைப் போல, டீசலுக்குப் பதிலாகக் காற்றுதான் உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. டேங்க் நிரம்பியிருக்கும்போது டீசல் தன் எடையாலேயே இறங்கிவருவதால் இந்தக் கோளாறு மறைந்திருக்கும். டீசல் குறைந்தபோதோ, டேங்க் வாயில் அடைப்பு ஏற்பட்டு ஃபீட் பம்பு வலிந்து இழுக்க நேரும்போதோதான் அது தலைகாட்டும். உங்கள் வண்டி பாதிக்கும் குறைவான டீசலோடு மாதக்கணக்கில் நின்றது என்பதால், என் சந்தேகம் இந்தப் பகுதியின் மேல்தான்.

இதைச் செலவில்லாமல் உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. டேங்க் டேப்பை மூடிவிட்டு, ஃபீட் பம்புக்குள் வரும் குழாயைக் கழற்றி, அந்த வாயில் டீசலுக்குத் தாங்கும், உள்ளே ஓடுவது தெரிகிற ஓஸ் ஒன்றை மாட்டி, மறுமுனையைச் சுத்தமான டீசல் உள்ள கேனில் விடுங்கள். கேனைச் சைலன்சரிலிருந்து தள்ளி, ஃபீட் பம்பின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு முக்காலியின் மேல் வைக்க வேண்டும். பலர் கேனை உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் டீசல் தானாக இறங்கி, ஃபீட் பம்பு பக்கத்திலுள்ள கசிவை மறைத்துவிடும். பிறகு ஏர் எடுத்து, கால் மணி நேரம் ஆக்சிலேட்டரைக் கூட்டியும் குறைத்தும் ஓட விடுங்கள். ஓஸில் குமிழி இல்லாமல் வண்டி நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்க் பக்கத்தில் இருக்கிறது. ஓஸ் தெளிவாக இருந்தும் நின்றால், ஃபீட் பம்பின் அடியிலுள்ள கிண்ணத்தின் ரப்பர் வளையம், டீசல் குழாய்களை இணைக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டுகளின் செம்பு வாஷர், கைப்பம்பின் கழுத்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க நம் ஊர் மண்ணே துணை செய்யும். வண்டி நிற்கும்போது டீசல் இம்மியளவு கசிகிற இடத்தில் செம்மண் புழுதி ஈரமாகி அப்பிக்கொண்டிருக்கும். மற்ற இடத்தில் ஊதினால் பறக்கும். துடைக்கும் முன் ஒரு டார்ச் விளக்கை அடித்துக் குழாய் நெடுகப் பாருங்கள். ஃபில்டர் மாற்றும்போது பழைய செம்பு வாஷரையே போடுவது வழக்கமாகிவிட்டது. அது நசுங்கி இறுகிப்போயிருக்கும். புதியது கிடைக்காத இடத்தில், சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகி, இன்னொரு முறைக்கு உதவும்.

ஏர் எடுக்கும் வரிசையும் முக்கியம்: முதல் ஃபில்டரின் திருகு, அடுத்து இரண்டாம் ஃபில்டர், கடைசியாகப் பம்பு. ஒவ்வொன்றிலும் நுரை அடங்கித் தெளிந்த டீசல் வந்த பிறகே முறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திச் செல்ஃப் அடிக்கலாம். ஆனால் அங்கே விரலை வைக்காதீர்கள். நாசிலுக்குப் போகும் அழுத்தம் ஏறத்தாழ 200 பார் அளவில் இருக்கும். அது தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

கண்டனூர்க்காரர் எழுதியது:

இடையில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் சாவியைத் திருப்பினால் 'கடக்' என்ற ஒரே சத்தத்தோடு சரி, செல்ஃப் சுற்றுவதில்லை. ஹெட்லைட் எரிகிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் சேர்த்தால் சில நேரம் சுற்றுகிறது. இதுவும் டீசல் கோளாறோடு சேர்ந்ததா?

வேளாண் பொறியியல் படித்தவர், காரைக்குடி, எழுதியது:

கண்டனூர் நண்பருக்கு: இல்லை, இது முழுக்க மின்சாரப் பக்கத்துக் கோளாறு. முதலில் அந்த ஸ்க்ரூ டிரைவர் பழக்கத்தை விட்டுவிடும்படி வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வண்டி கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாதபடி தடுப்பதற்காகத்தான் கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். செல்ஃப் முனைகளை நேரடியாகச் சேர்க்கும்போது அந்தப் பாதுகாப்பைத் தாண்டிவிடுகிறோம். சேர்ப்பவர் நிற்கும் இடமோ பின்சக்கரத்துக்கு முன்னால். கியரில் கிடந்த வண்டி பிடித்துக்கொண்டால் விலக நேரம் இருக்காது. பல நாடுகளில் டிராக்டர் விபத்துகள் பற்றிய எச்சரிக்கைகளில் இது தவறாமல் இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு.

ஹெட்லைட் எரிவதை வைத்துப் பேட்டரி நன்றாக இருப்பதாக முடிவு கட்டக் கூடாது. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும், செல்ஃபுக்குச் சில நூறு ஆம்பியர் தேவை. மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஓய்ந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். சாவியைத் திருப்பியிருக்கும்போது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அப்படி இறங்காமலே செல்ஃப் சுற்றாவிட்டால் பாதையில் தடை இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைச் செல்ஃபின் உடம்பிலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளையும், சேஸிஸில் அது பிடிக்கும் போல்ட்டையும் கழற்றி, துருவும் பெயிண்டும் போக உலோகம் தெரியும்படி உப்புத்தாள் போட வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால் செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சொலினாய்டின் உள் முனைகள் தேய்ந்திருக்கும்; அது பட்டறை வேலை.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்கிவரும் ஊரைச் சுற்றி இருந்துகொண்டு, இன்றும் பேட்டரிக்கு போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

கல்லல் உழவர் எழுதியது:

பட்டறைக்கார ஐயாவுக்கு மிக்க நன்றி. கேன் வைத்துப் பார்த்தேன். ஓஸில் ஒரு குமிழியும் இல்லை. வண்டி நிற்காமல் ஓடியது, கலப்பையை மாட்டிக் கொல்லையில் ஓட்டியபோதும் இழுவையில் குறை தெரியவில்லை. ஆகவே டேங்கின் பக்கம் திரும்பினேன்.

டேங்க் டேப்பைக் கழற்றியபோது அதன் மேல்முனையில் இருந்த சல்லடையில் கரும்பழுப்பு நிறத்தில் வழவழப்பான சளி போன்ற ஒன்று மூடியிருந்தது. கம்பி வலைக் கண்கள் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தன. டேங்கில் மிச்சமிருந்த டீசலின் கடைசிப் பகுதியைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து நிறுத்திவைத்தேன். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து, டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் அதே பழுப்புப் படலம் நின்றது. அடுத்து, டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் ரப்பர் ஓஸைச் சோதித்தேன். பார்வைக்கு முழுமையாக இருந்த அந்த ஓஸ், கிளிப் இறுக்கிய இடத்தில் வளைத்துப் பார்த்தபோது சுற்றிலும் மயிரிழை போன்ற வெடிப்புகளைக் காட்டியது. அந்த இடத்தில் புழுதியும் நீங்கள் சொன்னபடியே ஈரமாக ஒட்டியிருந்தது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபடவில்லை. அதையும் ஊதிப் பார்த்துவிட்டேன்.

டேங்கைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவலாமா? கழற்றிய பழைய டீசலை வடிகட்டி மறுபடியும் பயன்படுத்த முடியுமா?

தேவகோட்டை பட்டறைக்காரர் எழுதியது:

இரண்டும் சேர்ந்துதான் வேலையைக் காட்டியிருக்கின்றன. சல்லடை அடைபட்டதால் ஃபீட் பம்பு வலிந்து இழுத்தது. வலிந்து இழுத்ததால் ஓஸின் வெடிப்பு வழியே காற்று புகுந்தது. சல்லடையை மட்டும் சுத்தம் செய்திருந்தால் வண்டி இப்போதைக்கு ஓடி, விதைப்பு நேரத்தில் வயல் நடுவே நின்றிருக்கும்.

அந்தச் சளி, தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்களால் உண்டாவது. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிர்ச்சியில் ஈரக்காற்று வியர்த்து அடியில் தண்ணீராகத் தங்குகிறது. அது இல்லாவிட்டால் சளியும் வராது. ஆகவே சோப்புத் தண்ணீர் வேண்டாம். டேங்கை இறக்கி, கொஞ்சம் புது டீசலை ஊற்றிக் குலுக்கி, அடைப்பான் வழியே முழுவதும் வடியவிட்டு, வருவது தெளிவாகும் வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு வெயிலில் வாய் திறந்து உலர வையுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஓஸை டீசலுக்கென்று விற்கும் வகையில் வாங்குங்கள், தோட்டத்துக் குழாயை வெட்டி மாட்டினால் ஒரு பருவத்துக்குள் ஊதிப்போய்விடும். கிளிப்புகளும் புதியவையாக இருக்கட்டும்.

நீங்கள் புதிதாகப் போட்ட முதல் ஃபில்டர் இதற்குள் கொஞ்சம் சளியைப் பிடித்திருக்கும். உழவு முடிந்ததும் அதைக் கழற்றிப் பாருங்கள், வழவழப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். இரண்டாவது ஃபில்டரைத் தொட வேண்டியதில்லை. பழைய டீசலைத் துணியில் வடிகட்டினாலும் கரைந்தும் கலந்தும் இருக்கிற தண்ணீர் போகாது. அதைக் கலப்பைக் கொழுவையும் போல்ட் நட்டுகளையும் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், டேங்குக்குத் திரும்ப வேண்டாம். அடுத்த தையில் வண்டியை நிறுத்தும்போது டேங்கை விளிம்பு வரை நிரப்பி நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திச் சற்று வடித்துவிட்டு, இன்ஜின் சூடேறும் வரை ஓட விட்டால் போதும்.