சோதனைத் திட்டத்தில் 16 பகுதிகளையும் எழுதியே ஆக வேண்டுமா?

கேள்வி:
மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றைச் சோதிக்கிறேன். இந்த வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மென்பொருள் சோதனை ஆவணங்களை எப்படி எழுதுவது என்று சொல்லும் ஐஇஇஇ 829 தரப்படி சோதனைத் திட்டம் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார். 1998 பதிப்பில் உள்ள 16 பகுதிகளையும் நிரப்பினேன்; 42 பக்கம் வந்துவிட்டது. குழுத் தலைவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை யார் படிப்பார்கள்?" என்று கேட்டார். எதைக் குறைக்கலாம்? எதில் கைவைக்கக் கூடாது?

பதில் 1:
முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 829-இன் இடத்துக்கு 2013-இலேயே ஐஎஸ்ஓ 29119-3 என்ற புதிய தரம் வந்துவிட்டது. 2021-இல் அதற்கும் புதிய பதிப்பு வந்தது. வாடிக்கையாளர் பழைய பழக்கத்தில் 829 என்று எழுதியிருக்கலாம். கேட்டுவிடுங்கள்.

பதில் 2:
பதினான்கு ஆண்டுகளாக இந்தத் திட்டங்களை எழுதி வருகிறேன். பக்கங்களைக் குறைக்க 829-இலேயே வழி இருக்கிறது: ஒரு பகுதிக்கான விவரம் வேறு ஆவணத்தில் இருந்தால் அதைச் சுட்டினாலே போதும். கால அட்டவணையையும் ஆள் பட்டியலையும் திரும்ப எழுத வேண்டாம்.

'சோதிக்கப்படாதவை' என்ற பகுதியில் மட்டும் கைவைத்துவிடாதீர்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அதில் 'எதுவுமில்லை' என்று எழுதினேன். லேசர் அச்சுப்பொறியில் மட்டுமே சோதித்திருந்தோம். கடைக்காரர்களிடம் இருந்ததோ டாட் மேட்ரிக்ஸ். முதல் நாள் காலையில் பில்லின் வலது ஓரம் வெட்டுப்பட்டு, தொகையே இல்லாமல் தாள் வெளியே வந்தது. 'டாட் மேட்ரிக்ஸில் சோதிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள்.

எதைச் சோதிக்கவில்லை என்பது பெரிய இடங்களிலும் கண்ணில் படாமல் போகும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. அதன் வழிகாட்டும் கருவியின் மென்பொருள் முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-இலிருந்து வந்தது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் எண்ணாக மாற்றும்போது, அந்தச் சிறிய இடத்துக்குள் அது அடங்காமல் போனது. புதிய ராக்கெட்டின் பறக்கும் பாதையை வைத்து அந்தக் கருவியைச் சோதிக்கவில்லை; கருவிக்கான தேவை ஆவணத்திலும் அந்தப் பாதை இடம்பெறவில்லை. விசாரணை அறிக்கையில் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அடுத்து, சோதனையை எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்ற பகுதி. 'பெரிய பிழை வந்தால் நிறுத்தப்படும்' என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: 'ஜிஎஸ்டி சேர்ந்த மொத்தம் ஒரே ஒரு பில்லில் தவறினாலும் அந்தப் பதிப்பைத் திருப்பி அனுப்புவோம். திருத்தி வந்த பிறகு, முன்பு போட்ட 20 பில்களையும் மறுபடி போட்டுப் பார்த்தே தொடர்வோம்.' இதை யாரும் தங்கள் வசதிக்கு வளைக்க முடியாது.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. 11 பக்கமாகச் சுருக்கி அனுப்பினேன். சோதிக்கப்படாதவற்றில் 'பழைய இருப்புக் கணக்கை ஏற்றுவது' என்று சேர்த்திருந்தேன். வாடிக்கையாளர் மாலையே அழைத்து, முதல் நாளே மூன்று கடைகளின் பழைய கணக்கை ஏற்றப்போவதாகச் சொன்னார். அதைச் சோதிக்க நான்கு நாள் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன்.