லிப்ரெஎலெக் அப்டேட்: பழைய பதிப்பிலிருந்து தாவும்போது எது உடைகிறது, ஏன்

#1

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், கோடி மீடியா பிளேயரை ஓட்டும் இயங்குதளமான லிப்ரெஎலெக்கை அப்டேட் செய்வது சில நிமிட வேலை. ஆனால் 9.2 பதிப்பிலேயே வருடக்கணக்கில் ஓடிய பெட்டியை நேராக 12-க்குக் கொண்டு போனால் கறுப்புத் திரை, முடங்கிப்போன ஆட்-ஆன் (கோடியில் சேர்க்கும் துணை நிரல்), அசையாத ரிமோட் என்று வரிசையாக வரும். எந்த போர்டில், எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு, என்ன நடந்தது, எது சரிசெய்தது என்று எழுதுங்கள். அடிப்படையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெமரி கார்டில் இரண்டு பார்ட்டிஷன் உண்டு. முதலாவது ஃபேட் பார்ட்டிஷன்: கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), சிஸ்டம் என்ற இரண்டு கோப்புகள், பை-யின் ஃபர்ம்வேர் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்), கான்ஃபிக் கோப்பு (எழும்போது படிக்கப்படும் அமைப்பு வரிகள்). சிஸ்டம் என்பது முழு இயங்குதளத்தையும் சுருக்கி அடைத்த ஒரே கோப்பு. ஓடும்போது அதில் எதையும் எழுத முடியாது. இரண்டாவது ஸ்டோரேஜ் பார்ட்டிஷன்: கோடியின் செட்டிங், லைப்ரரி, ஆட்-ஆன் எல்லாம் இதில். அப்டேட் என்பது கெர்னலையும் சிஸ்டத்தையும் ஃபர்ம்வேரையும் எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது, அவ்வளவுதான். ஸ்டோரேஜில் இருப்பதும், கான்ஃபிக் கோப்பில் நாம் கைப்பட எழுதிய வரிகளும் அப்படியே தங்கும். அதனால் தகராறு பெரும்பாலும் புதிதாக வந்ததில் இருக்காது, மாறாமல் தங்கியதில்தான் இருக்கும். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

தானியங்கி அப்டேட்டை நம்பியிருப்பவர்களுக்கு: அது ஒரே பெரிய பதிப்புக்குள் மட்டும் நடக்கும். 11-லிருந்து 12-க்குப் போக, லிப்ரெஎலெக் செட்டிங்கில் அப்டேட் சேனலை நாமே மாற்ற வேண்டும்.

#2

பேக்கப் பற்றிச் சேர்க்கிறேன். லிப்ரெஎலெக் செட்டிங்கில் எடுக்கும் பேக்கப், தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட ஒரு டார் கோப்பு (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது). அது அதே கார்டில்தான் விழுகிறது. அங்கேயே விட்டுவைத்தால் கார்டு செத்தால் பேக்கப்பும் செத்தது. நெட்வொர்க்கில் பை-யைத் திறந்து, பேக்கப் என்ற ஷேரிலிருந்து கணினிக்கு இழுத்து வையுங்கள்.

8 ஜிபி கார்டில் பேக்கப் பாதியில் நிற்பது உண்டு. காரணம் போஸ்டர் படங்கள் சேரும் தம்ப்நெயில் ஃபோல்டர். பெரிய லைப்ரரியில் அது ஜிபி கணக்கில் வளர்ந்துவிடும். கோடியை நிறுத்திவிட்டு அந்த ஃபோல்டரையும், டேட்டாபேஸ் ஃபோல்டரில் உள்ள டெக்ஸ்சர்ஸ்13 கோப்பையும் சேர்த்து அழிக்கலாம். போஸ்டர்களை கோடி திரும்ப இறக்கிக்கொள்ளும். இரண்டில் ஒன்றை மட்டும் அழிக்கக் கூடாது; அழித்தால் கோப்பு இருக்கிறது என்று டேட்டாபேஸ் நம்பிக்கொண்டிருக்கும், திரையில் போஸ்டர் காலியாக வரும்.

கைமுறையாக அப்டேட் செய்ய, புதிய பதிப்பின் டார் கோப்பையோ சுருக்கிய இமேஜ் கோப்பையோ அப்டேட் ஷேரில் போட்டு ரீபூட் செய்தால் போதும். எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியே பார்த்தால் அது ஸ்டோரேஜில், பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து மறைக்கப்பட்ட அப்டேட் ஃபோல்டர். இமேஜை விரித்து வைக்கவும் இடம் தேவை, ஆகவே 1 ஜிபி-யாவது காலியாக வையுங்கள். ஆர்பிஐ2 என்ற பெயருள்ள கோப்பு பை 2, பை 3 இரண்டுக்கும் பொது. பை 4-க்கும் பை 5-க்கும் தனித்தனி. பை 0, பை 1 இரண்டுக்கும் பதிப்பு 10-லிருந்து ஆதரவே இல்லை, அவற்றுக்கு 9.2 தான் கடைசி.

#3

இறக்கிய கோப்பு பழுதாக இருந்தால் பயம் இல்லை. பூட் ஆகும்போது செக்சம் (கோப்பு பழுதில்லையா என்று சரிபார்க்கும் எண்) பார்த்து, ஒத்துவராவிட்டால் அப்டேட்டைக் கைவிட்டுப் பழைய சிஸ்டத்திலேயே எழும். ஆபத்து வேறு இடத்தில்: கெர்னலும் சிஸ்டமும் எழுதப்படும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் மின்சாரம் போவது. அப்படிப் போய், பிறகு பை எழாவிட்டால் போர்டின் பச்சை விளக்கைக் கவனியுங்கள். 4 முறை சிமிட்டி நிறுத்தி மறுபடி 4 என்றால் ஸ்டார்ட் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை. 7 முறை என்றால் கெர்னல் கிடைக்கவில்லை.

இதற்காகக் கார்டை அழிக்கத் தேவையில்லை. கணினியில் செருகினால் ஃபேட் பார்ட்டிஷன் தெரியும். அதே பதிப்பின் டார் கோப்பை விரித்து, டார்கெட் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம் கோப்பை அப்படியே காப்பி செய்யுங்கள். கெர்னல் கோப்பை மட்டும் 'கெர்னல் டாட் ஐஎம்ஜி' என்று பெயர் மாற்றிப் போட வேண்டும், பை-யின் ஃபர்ம்வேர் தேடுவது அந்தப் பெயரைத்தான். பெயர் மாற்ற மறந்தால் மறுபடி 7 சிமிட்டல். ஸ்டோரேஜ் பார்ட்டிஷன் இதில் தொடப்படாததால் லைப்ரரி அப்படியே இருக்கும்.

#4

பை 4, பதிப்பு 9.2-லிருந்து 10. வானவில் சதுரம் வந்தது, பிறகு கறுப்பு. ஆனால் எஸ்எஸ்எச் வேலை செய்தது, அதாவது இயங்குதளம் எழுந்துவிட்டது, படம்தான் இல்லை. இது மிகப் பரவலான சிக்கல் என்பதால் காரணத்தை முழுதாக எழுதுகிறேன்.

9.2 வரை திரையைக் கட்டுப்படுத்தியது பை-யின் ஃபர்ம்வேர். ரெசல்யூஷன், ஹாட்பிளக் (டிவி இணைந்திருக்கிறதா என்று அறிவது) எல்லாவற்றையும் கான்ஃபிக் கோப்பில் எச்டிஎம்ஐ என்று தொடங்கும் வரிகளால் அதற்குச் சொல்லிவந்தோம். 10-லிருந்து அந்த வேலையை லினக்ஸ் கெர்னலின் கேஎம்எஸ் என்ற திரை டிரைவர் எடுத்துக்கொண்டது. எச்டிஎம்ஐ குரூப், எச்டிஎம்ஐ மோட், ஃபோர்ஸ் ஹாட்பிளக் வரிகளை அது பொருட்படுத்துவதில்லை. பழைய 'ஃபேக் கேஎம்எஸ்' ஓவர்லே வரி (ஓவர்லே என்பது ஒரு ஹார்டுவேர் அமைப்பை இயக்கச் சொல்லும் வரி) எஞ்சியிருந்தால் புதிய டிரைவரோடு மோதும். கான்ஃபிக் கோப்பில் டிஸ்ட்ரோகான்ஃபிக் கோப்பைச் சேர்க்கும் 'இன்க்ளூட்' வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். கேஎம்எஸ் ஓவர்லே அந்தக் கோப்பின் வழியாகத்தான் வருகிறது.

ஜிபியு மெமரி வரியையும் விட்டுவைக்காதீர்கள். 256, 320 என்று கொடுப்பது அன்றைய வழக்கம், வீடியோ டிகோடருக்கு அது தேவைப்பட்டது. இப்போது எச்இவிசி வீடியோ டிகோடர் தன் பஃபரை லினக்ஸ் பக்கம் சிஎம்ஏ என்ற மெமரி ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கிறது. ஜிபியு-வுக்குக் கொடுத்த 320 எம்பி யாருக்கும் உதவாமல் கிடக்கும். 1 ஜிபி போர்டில் இந்த இழப்பு உடனே தெரியும். 76 போதும், வரியையே நீக்கினால் இயல்பாக அதுதான் வரும்.

திருத்த, கார்டைக் கணினியில் செருகுவது எளிது. எஸ்எஸ்எச் வழியே என்றால் ஃபேட் பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற நிலையில் மவுன்ட் ஆகியிருக்கும், எழுதும் நிலைக்கு ரீமவுன்ட் செய்துவிட்டுத் திருத்துங்கள், முடிந்ததும் திரும்ப மாற்றுங்கள். நீக்கக் கூடாத வரி ஒன்று உண்டு: பை 4-ல் 4கே 60 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் அதற்கான 4கேபி60 வரி இன்றும் தேவை. கேபிளும் பவர் சாக்கெட்டுக்கு அருகில் உள்ள எச்டிஎம்ஐ 0-ல் இருக்க வேண்டும்.

டிவி அணைந்திருக்கும்போது பை எழுந்தால் படம் வராமல் இருப்பதற்கும் பழைய ஹாட்பிளக் வரி உதவாது. டிவியை ஆன் செய்து வைத்து, எஸ்எஸ்எச்-ல் 'கெட்எடிட்' கட்டளையை 'கிரியேட்' என்ற சொல்லோடு கொடுத்து ரீபூட் செய்யுங்கள். டிவியின் அடையாளத் தகவல் கார்டில் பதிவாகிவிடும். டிவியோ நடுவில் உள்ள ஆடியோ ரிசீவரோ மாறினால் 'டெலிட்' கொடுத்து மறுபடி பதிய வேண்டும். இதை மறந்துவிட்டுப் புது டிவியைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

#5

ஆட்-ஆன் பக்கம். பதிப்பு 9.2-ல் இருப்பது கோடி 18, 10-ல் 19, 11-ல் 20, 12-ல் 21. இதில் 18-லிருந்து 19-க்குப் போவதுதான் பெரிய பள்ளம், ஏனென்றால் கோடி 19, ஆட்-ஆன்கள் எழுதப்படும் மொழியான பைத்தான் 2-ஐ முழுதாகக் கைவிட்டு பைத்தான் 3-க்கு மாறியது. மாற்றி எழுதப்படாத ஆட்-ஆன் முடங்கும், வழி கிடையாது. பயன்படுத்தாதவற்றை அப்டேட்டுக்கு முன்பே நீக்கிவிட்டால் பிறகு லாக் கோப்பைப் படிப்பது எளிது.

அடுத்த பள்ளம் 11-லிருந்து 12. பை 4-க்கான சிஸ்டம் அங்கே 64-பிட்டுக்கு மாறியது. பாதுகாக்கப்பட்ட ஸ்ட்ரீமைத் திறக்கும் பழைய 32-பிட் வைட்வைன் கோப்பு ஸ்டோரேஜில் தங்கியிருக்கும், புதிய சிஸ்டம் அதை ஏற்றாது. இன்புட்ஸ்ட்ரீம் ஹெல்பர் ஆட்-ஆனின் செட்டிங்கில் வைட்வைனை மறுநிறுவல் செய்தால் சரியாகும். பாதுகாக்கப்பட்ட ஸ்ட்ரீம் மட்டும் ஓடாமல், மற்ற வீடியோ எல்லாம் ஓடினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

#6

மூன்றாம் தரப்பு ஸ்கின் (கோடியின் திரைத் தோற்றம்) போட்டிருக்கிறது, மாற்றாமல் அப்டேட் செய்யலாமா?

#7

எஸ்ட்சுவரிக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள். கோடியோடு வரும் ஸ்கின் அது, எந்தப் பதிப்பிலும் அதனோடு ஒத்துவரும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு திரையே எழாவிட்டால்: எஸ்எஸ்எச்-ல் ரூட் ஆக நுழைந்து கோடி சேவையை நிறுத்தி, ஸ்டோரேஜில் புள்ளியோடு தொடங்கும் கோடி ஃபோல்டரின் பெயரை மாற்றி, ரீபூட். வெறும் கோடி எழுந்தால் தவறு உங்கள் செட்டிங்கில், எழாவிட்டால் கான்ஃபிக் கோப்பில் அல்லது ஹார்டுவேரில். எதையும் அழிக்காமல் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் பதில் இது. பெயரைத் திருப்பிவைத்தால் பழைய நிலை.

#8

ஒரே லைப்ரரியை மரியாடிபி என்ற டேட்டாபேஸ் சர்வரில் வைத்து இரண்டு மூன்று பெட்டிகள் பகிரும் வீடுகளுக்கு. கோடி ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் வீடியோ டேட்டாபேஸின் எண்ணை உயர்த்துகிறது: 18-ல் 116, 19-ல் 119, 20-ல் 121, 21-ல் 131. முதல் முறை எழும்போது பழையதை அப்படியே பிரதியெடுத்து, புதிய எண்ணில் வைத்து, அதை மாற்றி அமைக்கும். பழையது அழியாது.

இதனால் ஒரு பெட்டியை மட்டும் அப்டேட் செய்தால் அது 131-ல் எழுதும், மற்றவை 121-லேயே எழுதிக்கொண்டிருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பார்த்து முடித்த குறிகளும் நிறுத்திய இடங்களும் மட்டும் நாளுக்கு நாள் விலகும். ஒரு மாதம் கழித்து இரண்டாவது பெட்டியையும் அப்டேட் செய்தால் அது நேராக 131-ஐப் பிடித்துக்கொள்ளும், அந்த ஒரு மாதக் குறிகள் 121-லேயே தங்கிவிடும். எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் மாற்றுங்கள். மாற்றும் நேரத்தில் ஒன்று மட்டும் ஓடட்டும், பிரதியெடுப்பு முடிந்து லைப்ரரி தெரிந்த பிறகு அடுத்ததை ஏற்றுங்கள்.

கோடி பயன்படுத்தும் கணக்குக்குப் புதிய டேட்டாபேஸ் உருவாக்கும் உரிமை வேண்டும். பாதுகாப்புக்காக அந்த உரிமையைப் பழைய டேட்டாபேஸுக்கு மட்டும் சுருக்கி வைத்திருந்தால் பிரதி உருவாகாது, லைப்ரரி காலியாகத் தெரியும். காலி என்று பார்த்ததும் ஸ்கேன் செய்யத் தொடங்காதீர்கள், உரிமையைக் கொடுத்து ரீபூட் செய்தாலே வந்துவிடும். சர்வரை எட்டுவதற்குள் கோடி எழுந்துவிட்டாலும் இதே அறிகுறிதான். லிப்ரெஎலெக் செட்டிங்கின் நெட்வொர்க் பகுதியில் 'நெட்வொர்க்குக்குக் காத்திரு' என்பதை ஆன் செய்து 10 வினாடி வையுங்கள்.

#9

பை-யின் ஜிபிஐஓ பின்னில் நேரடியாக, ரிமோட்டுக்கான ஐஆர் ரிசீவர் இணைத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய 'லிர்க்-ஆர்பிஐ' ஓவர்லே கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. அந்த வரிக்குப் பதில் 'ஜிபிஐஓ-ஐஆர்' ஓவர்லே எழுதி, பின் எண்ணையும் கொடுங்கள். எண் கொடுக்காவிட்டால் 18 என்று எடுத்துக்கொள்ளும்.

#10

கோடியை ஓட்டும் இன்னோர் இயங்குதளமான ஓஎஸ்எம்சி வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன கார்டு அமைப்பு பொருந்தாது. அது டெபியன் லினக்ஸ், பொட்டலம் பொட்டலமாக மாறும். மை ஓஎஸ்எம்சி-யில் அப்டேட் கொடுக்கலாம். கட்டளையில் செய்தால் ஆப்ட்-கெட் அப்டேட், பிறகு டிஸ்ட்-அப்கிரேட். வெறும் 'அப்கிரேட்' கொடுக்கக் கூடாது. அது புதிதாகச் சேர வேண்டிய பொட்டலங்களைச் சேர்க்காமல் நிறுத்திவைக்கும், கெர்னல் ஒரு பக்கமும் கோடி ஒரு பக்கமும் பாதி மாறிய நிலையில் நிற்கும். அப்படி ஆகிவிட்டால் எஸ்எஸ்எச்-ல் டிஸ்ட்-அப்கிரேட்டை மறுபடி ஓட்டுவதே பெரும்பாலும் போதும்.

#11

மின்சாரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. பை 3-க்கு 5 வோல்ட் 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர், பை 5-க்கு 5 ஆம்பியர். பை 5-ல் 3 ஆம்பியர் அடாப்டர் போட்டாலும் எழும், ஆனால் யுஎஸ்பி போர்ட்டுகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் விடும். ஹார்டு டிஸ்க் நேராக மாட்டியிருந்தால் அது போதாது.

அப்டேட்டுக்கு முன் எஸ்எஸ்எச்-ல் 'விசிஜென்கமாண்ட்' வழியாக 'கெட் த்ராட்டில்ட்' கேளுங்கள். பூஜ்ஜியம் வந்தால் நல்லது. 50000 என்று வந்தால், எழுந்த பிறகு எப்போதோ மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியிலும் அப்படித்தான். அந்த நிலையில் கார்டில் எழுதத் தொடங்கக் கூடாது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அடாப்டரைவிட மெல்லிய நீளமான கேபிள்தான் அடிக்கடி காரணம்.

#12

9.2 போன்ற பழைய பதிப்பிலிருந்து வருபவர்களுக்கு என் பரிந்துரை: மேலேயே அப்டேட் செய்யாதீர்கள். இரண்டாவது கார்டு ஒன்றில் புதிய இமேஜை எழுதிச் செருகுங்கள். பழைய கார்டு தொடப்படாமல் இருப்பதால், பிடிக்கவில்லை என்றால் அதைத் திரும்பச் செருகுவதோடு வேலை முடிந்தது.

முழு பேக்கப்பையும் புதிய கார்டில் கொட்டாதீர்கள். கொட்டினால் பழைய ஆட்-ஆன் குப்பை எல்லாம் கூடவே வரும். யூசர்டேட்டா ஃபோல்டரிலிருந்து சோர்சஸ், பாஸ்வேர்ட்ஸ், ஃபேவரிட்ஸ் ஆகிய மூன்று எக்ஸ்எம்எல் கோப்புகளை எடுங்கள். அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் கோப்பைக் கண்ணால் பார்த்து வரி வரியாக எடுங்கள்: கேச் அளவுக்கான வரிகள் கோடி 21-ல் செல்லாது, அவை செட்டிங்கில் சர்வீசஸ் பகுதிக்குப் போய்விட்டன. லைப்ரரிக்கு, கோடியை நிறுத்திவிட்டு, மைவீடியோஸ்116 கோப்பை டேட்டாபேஸ் ஃபோல்டரில் வையுங்கள். அங்கே மைவீடியோஸ்131 ஏற்கெனவே உருவாகியிருந்தால் அதை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழையதை கோடி திரும்பிக்கூடப் பார்க்காது. நீக்கிவிட்டு கோடியை எழுப்பினால் 116-ஐ எடுத்து 131 ஆக மாற்றிக்கொள்ளும். பெரிய லைப்ரரியில் இதற்குச் சில நிமிடம் ஆகலாம், உறைந்துவிட்டது என்று நினைத்து இடையில் பவரை எடுக்காதீர்கள். டிஸ்க்கின் பெயரும் ஷேரின் பாதையும் பழைய கார்டில் இருந்ததுபோலவே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பட்டியலில் எல்லாப் படமும் தெரியும், ஒன்றும் திறக்காது.