தண்ணீருக்குக் கணக்கு இருந்தது, கசடுக்கு இல்லை

பாளையங்கோட்டைக்கு வெளியே 160 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. நான் சங்கச் செயலாளர். கட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன கையோடு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் அதை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையைப் புதுப்பிக்கும் வேலையும் எங்கள் தலையில் விழுந்தன. இதே வேலையில் மாட்டியவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

பேப்பர் சேர்ப்பது பெரிய காரியமில்லை. பட்டா, எஃப்எம்பி என்னும் நில அளவைப் படம், ஆடிட்டர் சான்று, ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் வரைபடம். வரைபடத்தில் மட்டும் ஒரு சறுக்கல். சுவருக்குப் பின்னால் போகும் வாய்க்காலை வரைந்தவர் விட்டுவிட்டார். அவர் வந்த அன்று அதில் தண்ணீர் இல்லையாம்! பிசான நெல் சாகுபடிக்குத் திறந்துவிட்டால் முழங்கால் அளவு ஓடும் வாய்க்கால் அது. திரும்ப வரைந்தோம்.

உண்மையில் மாட்டியது கசடில்தான், அதாவது கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது தங்கும் சகதியில். 'நாளொன்றுக்கு 5 கிலோ, தோட்டத்துக்கு உரம்' என்று எங்கள் ஆலோசகர் எழுதியிருந்தார். வேறு யாருடைய விண்ணப்பத்திலிருந்தோ எடுத்து ஒட்டியது போல. ஆய்வுக்கு வந்த அதிகாரி, "தண்ணி கணக்கு சரியா இருக்கு சார். சகதி எங்க போகுது?" என்று கேட்டார். நான் ஆலோசகரைப் பார்த்தேன், அவர் மோட்டாரைப் பார்த்தார்.

அன்று ராத்திரி நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம் லிட்டர். அதில் ஈரமில்லாத கசடு மட்டுமே ஏறக்குறைய 18 கிலோ தேறும். ஆனால் தொட்டியிலிருந்து அது வெளியே வரும்போது நூற்றில் ஒரு பங்குதான் கசடு, மிச்சம் தண்ணீர். அதாவது தினம் 1,800 லிட்டர் சகதி. 5,000 லிட்டர் லாரி மூன்று நாளைக்குள் ஒருமுறை வர வேண்டும். எங்களுக்கு லாரி வந்ததோ மாதம் ஒருமுறை.

மிச்சம் எங்கே என்பதை ஆபரேட்டர் தம்பி ஒரு லிட்டர் ஜாடியில் காட்டினார். கழிவுநீருக்குள் காற்று ஊதும் தொட்டியில் மொண்டு அரைமணி நேரம் அசையாமல் வைத்தார். பழுப்பு வண்டல் 700 மில்லி கோட்டில் வந்து நின்றது. பாதிக்குக் கீழே நிற்க வேண்டியது. வெளியேற்றாத சகதி உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சுத்திகரித்த தண்ணீர் ஏன் கலங்கி வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கணக்கைத் திருத்தி, கசடுப் பதிவேடு ஒன்று போட்டு மறுபடியும் பதிவேற்றினோம். இசைவாணை வந்துவிட்டது. மாதச் சந்தாவை உயர்த்தியதற்கு இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன், அது தனிக் கதை.

—

அண்ணாச்சி, நான் கழிவுநீர் லாரி ஓட்டுறவன். பதிவேடு எழுதுனா மட்டும் பத்தாது. லாரிக்கு உள்ளாட்சி லைசென்ஸ் இருக்கான்னு பாருங்க, கொட்டுன இடத்துச் சீட்டை ஒவ்வொரு நடைக்கும் கேட்டு வாங்கி ஒட்டி வைங்க. சீட்டு இல்லேன்னா அந்தச் சகதி ஏதாவது ஓடையிலயோ குளத்துலயோதான் போயிருக்கும். எங்க ஆளுங்கள்லயே அப்படிப் பண்றவன் உண்டு, மறைக்கல. யாராவது ரொம்பக் குறைஞ்ச ரேட்டு சொன்னா சந்தேகப்படுங்க. தொட்டிக்குள்ள ஆளை இறக்கச் சொல்லாதீங்க, பாதுகாப்புச் சாதனம் இல்லாம இறக்குறது மனுஷக் கழிவை மனுஷன் அள்ளத் தடை போட்ட 2013 சட்டப்படி குற்றம்.

—

எங்களுடையது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். சின்ன நிலையம், கசடைக் காயவைக்க மணலும் ஜல்லியும் போட்ட உலர்களம். சித்திரையில் பத்து நாளில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கூழாகவே கிடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் களமே முங்கி எல்லாம் அடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம்தான் மேலே தகரக் கூரை போட்டோம்.

உரமாகப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. எங்கள் உலர்களத்தில் தக்காளிச் செடி தானாக முளைத்துக் காய்த்தது. பந்தியில் சாப்பிட்ட தக்காளி விதைதான், வயிற்றையும் தொட்டியையும் வெயிலையும் தாண்டிப் பிழைத்திருக்கிறது. விதையே சாகவில்லை என்றால் குடற்புழு முட்டை மட்டும் செத்திருக்குமா? சமையல்காரர் பறிக்கக் கூடையோடு வந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.