பழைய குழந்தைச் சட்டை: எந்தக் காலத்தது, போட்டுவிடலாமா?

நூல்கண்டு, சாட்ஸ்வொர்த்:
வணக்கம். மாமியார் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு கைக்குழந்தைச் சட்டை வந்திருக்கிறது. தோளிலிருந்து ஓரம் வரை 52 செ.மீ., மெல்லிய வெள்ளைத் துணி. மார்பில் இளநீல நூலில் ஸ்மாக்கிங் (சுருக்கு மடிப்புகளின் மேல் போடும் அலங்காரத் தையல்), பின்கழுத்தில் இரண்டு பட்டன், ஒரு டிச் பட்டன். டிச் பட்டனைச் சுற்றித் துருக்கறை, கீழே பழுப்புத் திட்டு. கழுத்து லேபிள் பாதி கிழிந்து "யூனி ஃபான்" வரைதான் தெரிகிறது. பாச்சை உருண்டை வாசம் தூக்கலாக இருக்கிறது. கையால் தைத்ததா, எவ்வளவு பழசு? அடுத்த மாதம் பிறக்கப்போகும் பேரனுக்குப் போடலாமா?

காஜா:
அக்கா, சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். வயது அங்கேதான் எழுதியிருக்கிறது.

முதலில் லேபிள். "யூனி ஃபான்" என்பது தென்னாப்பிரிக்க யூனியன் என்ற நாட்டுப் பெயரின் தொடக்கம். அந்த யூனியன் 1910இல் அமைந்தது. 1961 மே 31இல் குடியரசானது. அதனால் அந்த லேபிள் இடைப்பட்ட காலத்தது. அடுத்த சொல் 'தென்' என்பது; அதன் முதல் எழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இசட் என்றால் டச்சு, எஸ் என்றால் டச்சிலிருந்து கிளைத்த ஆஃப்ரிகான்ஸ் மொழி. டச்சு என்பதில் ஆஃப்ரிகான்ஸும் அடங்கும் என்று அது அரசு மொழியாக ஏற்கப்பட்டது 1925இல். லேபிளைப் பிடித்திருக்கும் நூலும் கழுத்துப் பட்டியைத் தைத்த நூலும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். வேறு நூல் என்றால் லேபிள் பின்னால் ஒட்டவைத்தது, அதை நம்ப முடியாது.

அடுத்து காஜா, அதாவது பட்டன் நுழையும் துளை. கையால் எடுத்த காஜாவில் துணியை முதலில் வெட்டி, பிறகு விளிம்பைச் சுற்றித் தைப்பார்கள். வெட்டு முனை நூலுக்குள் மறைந்துவிடும். மெஷின் காஜாவைத் தைத்த பிறகுதான் வெட்டுவார்கள், அதனால் பிளவுக்குள் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்மாக்கிங் மடிப்புகளை விரலால் மெல்ல விரித்தால் உள்ளே வரிசையாக நீலப் புள்ளிகள் தெரிகிறதா? தாளை வைத்து இஸ்திரி போட்டுப் பதித்த புள்ளிகள் அவை. சுருக்கு ஓட்டுவதற்கான அடையாளம்.

வெண்ணூல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
காஜா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பக்கத் தையல் மெஷினில் ஓடியிருந்தால் உடனே "கைவேலை இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள். நீளத் தையலை மெஷினில் போட்டு, ஸ்மாக்கிங்கையும் காஜாவையும் கையால் செய்வது சாதாரண வழக்கம். அதே மாதிரி, நாட்டின் பெயர் போட்ட லேபிள் வீட்டுத் தையலில் இருக்காது. கடைச் சரக்காகவும் கைவேலையாகவும் ஒரே சட்டை இருக்கலாம்.

துணி எது என்று அறிய, உள்மடிப்பிலிருந்து இரண்டு இழை உருவி, தண்ணீர்த் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசமும் மெத்தென்ற சாம்பல் தூளும் வந்தால் பருத்தி, அல்லது லினன், ரேயான். முடி கருகிய வாசம் என்றால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் நைலான் அல்லது பாலியஸ்டர். தையல் நூலைத் தனியாகச் சோதியுங்கள். துணி பழசாக இருந்து நூல் மட்டும் உருகினால், பிற்காலத்தில் பிரித்துத் தைத்திருக்கிறார்கள்.

நூல்கண்டு, சாட்ஸ்வொர்த்:
பார்த்துவிட்டேன். எழுத்து எஸ். லேபிளையும் பட்டியையும் ஒரே நூல்தான் பிடித்திருக்கிறது. காஜாவில் பிசிறு இல்லை, மடிப்புக்குள் புள்ளிகள் இருக்கின்றன. பக்கத் தையல் மெஷின். துணியும் நூலும் சாம்பலாயின.

காஜா:
அப்படியானால் 1925க்கும் 1961க்கும் இடையில், கடைக்காகத் தைத்த, பருத்தி அல்லது அது மாதிரி இழைச் சட்டை. ஸ்மாக்கிங்கும் காஜாவும் கைவேலை. இதைவிடக் குறுக்க ஆதாரம் போதாது.

உப்புக்காற்று, டர்பன்:
போடுவதைப் பற்றி, அக்கா: பச்சைக் குழந்தைக்கு இப்போது வேண்டவே வேண்டாம். பாச்சை உருண்டை நாஃப்தலீனாக இருந்தால், ஜி-6-பி-டி என்சைம் குறைவாக உள்ள குழந்தையின் சிவப்பணுக்களை அது உடைக்கும், மஞ்சள் காமாலை கடுமையாகும். நம் இந்திய வம்சாவளியிலும் அந்தக் குறைபாடு உண்டு. பெட்டியில் இருந்த துணியை உதறிப் போட்டாலே ஆபத்து. பெட்டியிலுள்ள மற்ற துணிகளுக்கும் இதுதான்.

துருவுக்கு ஜிக் மாதிரி குளோரின் பிளீச் ஊற்றாதீர்கள். கறை இறுகும், இழையும் நைந்துபோகும். முதலில் டிச் பட்டனை வெட்டி எடுங்கள், அது இருக்கும்வரை துரு வந்துகொண்டே இருக்கும். நீல நூலின் பின்புறம் ஈரப் பஞ்சை ஒரு நிமிடம் அழுத்தி, சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் ஊறவைக்கவே கூடாது.

இறங்கவில்லையென்றால், சட்டையை வலைத்துணிக்கு நடுவே விரித்துக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். தண்ணீர் மஞ்சளானால் மாற்றுங்கள், தெளியும்வரை. பழைய கஞ்சி அப்படியே கரைந்து வரும். திட்டு இன்னும் இருந்தால் 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட் (குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச் தூள்); மணிக்கொரு முறை பாருங்கள். தூக்கும்போது வலையோடு தூக்குங்கள், ஈரச் சட்டையின் கனத்தில் தோள் கிழியும். பிழியாமல், நிழலில் படுக்கையாகக் காயவிடுங்கள்.

கஞ்சி போட்டு வைத்தால் பூச்சி வரும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் டர்பன் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். துவைத்த காடாத் துணியில் சுற்றி, மடிப்புக்குள் துணிச் சுருள் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.