ஸ்ப்ரே மாதிரிக் கப்பல்: பின்பாய்மரம் பற்றி உதவி தேவை

வணக்கம். மாலுமி ஜோஷ்வா ஸ்லோக்கம் தன் கையாலேயே புதுப்பித்துக் கட்டி, 1895 முதல் 1898 வரை தனியாளாக உலகைச் சுற்றிய ஸ்ப்ரே படகை 1:24 அளவில் செய்ய வேண்டும். 36 அடி 9 அங்குல நீளம் 46.7 செ.மீ. ஆகிறது, 14 அடி 2 அங்குல அகலம் 18 செ.மீ. பக்கப் பலகை ஒன்றரை அங்குலம், அதாவது 1.6 மி.மீ. இதுவரை சிக்கல் இல்லை.

குழப்பம் பாய்மரத்தில்தான். பாஸ்டனிலிருந்து கிளம்பியபோது ஒற்றைப் பாய்மரம். பியூனஸ் அயர்ஸில் அதை 7 அடி குறைத்தார், முன்னால் நீளும் கழியை 5 அடி. பின்பாய்மரம், அதாவது படகின் பின்கோடியில் நிற்கும் சிறிய இரண்டாவது பாய்மரம், தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள மெகல்லன் நீரிணையில்தான் சேர்ந்தது. பல மாதிரிகளில் குறைக்காத பாய்மரத்தோடு பின்பாய்மரத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி ஒரு நிலையில் அந்தப் படகு ஓடியதே இல்லை. 1896-க்குப் பிந்தைய தோற்றம் வேண்டுமென்றால் பெரிய பாய்மரத்தில் 8.9 செ.மீ. வெட்டியாக வேண்டும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

பின்பாய்மரத்தைத் தாங்கும் அரைவட்டச் சட்டத்தை 3 மி.மீ. மூங்கிலில் வளைத்தால் நிற்குமா, ஆவி காட்டிய தேக்குச் சிம்பு நல்லதா? அடுத்து, பக்கப் பலகை: முகப்பருகே வளைவு கடுமை. பலகை வங்கை (படகின் விலாச் சட்டத்தை) விட்டு எழும்புகிறது. நுனியை ஒடுக்கிச் சீவுவதா, இடையில் ஆப்புப் பலகை செருகுவதா? பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்தின் கோடுகளைக் கறுப்பு நூலில் காட்டியவர்கள் படம் போட்டால் நல்லது.