முக்திநாத் போக ஆதார் கார்டு போதுமா? அம்மாவுக்கு 63 வயசு

மன்னார்குடி மைந்தன்:
எங்க தெருவுலேர்ந்து வைகாசியில குரூப்பா நேபாளத்துல இருக்கற முக்திநாத் பெருமாள் கோயிலுக்குப் போறாங்க, கோரக்பூர் வரைக்கும் ரயிலு அப்புறம் சொனௌலி பார்டர் தாண்டி பஸ்ஸு. அம்மா ஆழ்வார்கள் பாடின சோழநாட்டுத் திருப்பதி நாப்பதும் சேவிச்சிட்டாங்க, சாளக்கிராமம், அதான் இந்த முக்திநாத், அது ஒண்ணு பாத்துட்டா போதும்னு சொல்லிட்டே இருக்காங்க. பாஸ்போர்ட் கிடையாது. டூர்காரர் ஆதாரே போதும்ங்கறாரு. வோட்டர் ஐடி இருக்கு, ஆனா கஜா புயல்ல ஓடு பறந்து டிரங்குப்பெட்டிக்குள்ள தண்ணி பூந்து, போட்டோவுல இப்ப மூக்குக்கு கீழதான் தெரியுது 😀 கூட அக்கா பசங்க ரெண்டு பேர், பையனுக்கு 12, பொண்ணுக்கு 16. போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

குடந்தை ரயிலடி:
தம்பி, டூர்காரர் சொல்றத நம்பாதீங்க. நேபாளத்துக்கு நமக்கு விசா வேணாம்தான், அதுக்காக எந்த கார்டை நீட்டினாலும் விட்ருவாங்கன்னு இல்ல. பாஸ்போர்ட், இல்லன்னா தேர்தல் கமிஷன் குடுத்த வோட்டர் ஐடி, அதுவும் ஒரிஜினல். ஆதார் 15 வயசுக்கு கீழயும் 65க்கு மேலயும் இருக்கறவங்களுக்குத்தான், 2019ல உள்துறையே சொன்னது. அதனால அக்கா பையனுக்கு ஆதார் ஓகே, அம்மாவுக்கு ஆகாது.
நாங்க போனப்ப ஒருத்தர், 58 வயசு, வெறும் ஆதாரோட வந்தாரு, சொனௌலில ஒருத்தரும் கேக்கல, ஜம்முனு தாண்டிட்டாரு. மேல 12,000 அடியில மூச்சு முட்டி முடியாம போய், காத்மாண்டுலேர்ந்து பிளைட்ல திரும்பிடலாம்னு பாத்தா ஏர்போர்ட்ல ஆதார் செல்லாதுன்னுட்டாங்க. பாவம், அந்த உடம்போட திரும்ப பஸ்லயே வந்தாரு.

திருவாரூர் டீச்சர்:
16 வயசு பொண்ணுக்கு ஸ்கூல் எச்எம் கிட்ட அடையாள சர்டிபிகேட் வாங்கணும், 15லேர்ந்து 18 வரைக்கும் அதுதான், அதுக்குன்னு தனி படிவம் இருக்கு. வைகாசின்னா ஸ்கூல் லீவு சார், எச்எம்மை அவங்க ஊருக்கே தேடிப் போற மாதிரி ஆயிடும், ஏப்ரல்லயே வாங்கி வெச்சிடுங்க.
அம்மாவுக்கு படிவம் 8 போட்டா புது வோட்டர் கார்டு வரும், அதுலயே போட்டோவையும் மாத்திக்கலாம். டைம் இருந்தா பாஸ்போர்ட்டே எடுத்துடுங்க, 1500 ரூபா, 60 தாண்டினவங்களுக்கு அதுல 10 சதவீதம் கம்மி.

வடுவூரான்:
குடும்பமா தரை வழியா போனா ஒரு பெரியவர் கிட்ட சரியான கார்டு இருந்தா போதும், மத்தவங்க உறவைக் காட்டுற போட்டோ ப்ரூஃப் காட்டலாம்னு ஒரு ரூல் இருக்கே? ரேஷன் கார்டு?

குடந்தை ரயிலடி:
இருக்கு. ஆனா நம்ம ஸ்மார்ட் கார்டுல குடும்பத் தலைவர் போட்டோ மட்டும்தானே இருக்கு, மத்தவங்க மூஞ்சிய எங்க காட்டுவீங்க?

நாகை கடலோரம்:
இதே வோட்டர் ஐடிய வெச்சு எங்க ஊர்லேர்ந்து காங்கேசன்துறை கப்பல்ல ஏற முடியுமா?

திருவாரூர் டீச்சர்:
முடியாதுங்க. இலங்கைக்கு பாஸ்போர்ட் கட்டாயம். கப்பல்ல போனாலும் அதேதான்.

மன்னார்குடி மைந்தன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மூணு வருஷம் பொறுத்தா ஆதாரே போதுமாம்மான்னு சொன்னேன், அதுவரைக்கும் என் முட்டி பொறுக்குமாடான்னு கேட்டுட்டாங்க. படிவம் 8 போட்டாச்சு. போட்டோ எடுக்க கெளம்பினா, தலை நெறைய பூ வெச்சுக்கலாமா, பார்டர்ல ஒத்துப்பாங்களான்னு ஒரே கேள்வி.