தம்பி திக்குறத வச்சு ஸ்டாண்டப் ஷோல ஜோக் அடிச்சாங்க, நான் எழுந்து கேட்டிருக்கணுமா?

வேளச்சேரி அக்கா:
போன சனிக்கிழமை நைட்டு சென்னைல ஒரு ஸ்டாண்டப் ஷோவுக்கு தம்பிய கூட்டிட்டுப் போனேன், அவன் பர்த்டேக்காக நான்தான் டிக்கெட் போட்டது, ரெண்டாவது வரிசைல சீட். காமெடியன் கிரவுட் வொர்க்னு ஒவ்வொருத்தரா பேர் கேட்டுட்டே வந்தாரு. தம்பிக்கு சின்ன வயசுலேர்ந்து திக்கும். பேர் சொல்ல வாயத் தொறந்தான், "ம... ம..."னு அங்கேயே நின்னுடுச்சு, கண்ண இறுக்க மூடிக்கிட்டான். அவர் மைக்க இன்னும் கிட்ட நீட்டி "என்ன ப்ரோ, பஃபர் ஆகுதா"ன்னாரு. ஹாலே வெடிச்சு சிரிச்சுது, தம்பியும் சிரிச்சான். அப்புறம் ஷோ முடியிற வரைக்கும் நாலஞ்சு தடவை "பஃபர் ப்ரோ"ன்னு கூப்பிட்டு கைதட்டல் வாங்கினாரு. வெளில வந்து காபி குடிக்கப் போனோம், அவன் வாயத் தொறக்காம மெனு கார்டுல ஃபில்டர் காபிய விரலால காட்டினான். அஞ்சாறு வருஷமா அவன் அப்படி பண்ணி நான் பார்த்ததே இல்ல. வீட்ல சொன்னா காமெடிதானே விடுங்கிறாங்க. போலீஸ்ல கம்ப்ளைன்ட் ஏதாவது குடுக்க முடியுமா?

விழுப்புரத்தான்:
உங்க கோவம் ரொம்ப நியாயம் சிஸ்டர், ஆனா போலீஸ் பக்கம் போயிடாதீங்க. 2021 ஜனவரி 1 இந்தோர்ல காமெடியன் முனாவர் ஃபாரூக்கி ஷோவுல ஒரு இந்து அமைப்பு ஆளுங்க புகுந்து நிறுத்தி அவர போலீஸ்ல ஒப்படைச்சாங்க, பிப்ரவரி 5 சுப்ரீம் கோர்ட் இடைக்கால ஜாமீன் குடுக்குற வரைக்கும் ஒரு மாசத்துக்கு மேல ஜெயில்ல கிடந்தாரு. 2025 மார்ச்ல காமெடியன் குணால் கம்ரா அப்ப மகாராஷ்டிர துணை முதல்வரா இருந்த ஏக்நாத் ஷிண்டேய கிண்டல் பண்ணிப் பாடினதுக்கு மும்பைல அந்த ஷோ நடந்த ஹாபிடேட் ஸ்டுடியோவயே சிவசேனா ஆளுங்க அடிச்சு நொறுக்கினாங்க. அவரு எங்க விழுப்புரத்துல குடியிருக்குறதா சொல்லி சென்னை ஹைகோர்ட்லதான் இடைக்கால முன்ஜாமீன் வாங்கினாரு. துணை முதல்வரா இருக்குறவர கிண்டல் பண்றதும் பர்த்டேக்கு வந்த பையன் வாய கிண்டல் பண்றதும் ஒண்ணே இல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா ஜோக்குக்கு கேஸ் போடலாம்னு ஆயிட்டா முதல்ல உள்ள போறது அதிகாரத்துல இருக்குறவங்கள கிண்டல் பண்றவன்தான்.

மெதுவா பேசுறவன்:
எனக்கும் திக்கும், வயசு 41. விழுப்புரத்தான் சொல்றது பாதிதான் சரி. 16 கோடி ரூபாய் ஊசி தேவைப்படுற குழந்தைய வச்சு காமெடியன் சமய் ரெய்னா ஜோக் அடிச்சப்ப, அந்தக் குழந்தைக்கு இருந்த எஸ்எம்ஏங்கிற தசை பலமிழக்குற நோய் உள்ளவங்களுக்கான அமைப்பு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2025 ஆகஸ்ட்ல அவரையும் இன்னும் நாலு காமெடியன்களையும் யூடியூப்ல மன்னிப்பு கேக்க சொன்னாங்க. யாரும் ஜெயிலுக்குப் போகல. அதுகூட வேணாம்னா எங்கள மாதிரி ஆளுங்க எங்கதான் போய் சொல்றது?
அக்கா, ஒண்ணு சொல்றேன். எங்களுக்கு நிறைய பேருக்கு ரொம்ப கஷ்டமான வார்த்தையே சொந்தப் பேர்தான். தண்ணின்னு வரலேன்னா குடிக்க ஏதாவது குடுங்கன்னு மாத்தி சொல்லிடுவோம், பேர எப்படி மாத்துறது? உங்க தம்பி சிரிச்சான்னு சொன்னீங்களே, நான் அந்த சிரிப்ப ஸ்கூல்ல பத்து வருஷம் சிரிச்சவன். சிரிக்கலேன்னா இன்னும் பெருசா ஆக்குவாங்கன்னு பயத்துல வர்றது அது. அவன் பேசும்போது வார்த்தைய நீங்க முடிச்சுக் குடுக்காதீங்க, காத்திருங்க, அது போதும்.

ஓப்பன் மைக் பையன்:
ரெண்டு வருஷமா மேடை ஏறுறேன் அக்கா. கிரவுட் வொர்க்ல எதிர்ல இருக்குறவர் என்ன சொல்வார்னு தெரியாது, வாய்ல முதல்ல வர்றத சொல்லிடுவோம், அந்த முதல் தடவைய நான் தப்பு கணக்குல சேர்க்க மாட்டேன். ரெண்டாவது தடவை கூப்பிட்டாரு பாருங்க, அது தெரிஞ்சு பண்ணினது. எழுந்து கேட்டிருந்தா லைட்டு முழுக்க உங்க மேலயும் தம்பி மேலயும்தான் திரும்பியிருக்கும், அதனால கேக்காதது தப்பில்ல. எங்களுக்கு நிஜமா உறைக்கிறது ஹால் அமைதியா இருக்குறதுதான், அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அந்த வரிய நாங்களே வெட்டி எடுத்துருவோம். இப்ப அவசரம் வேற. கிரவுட் வொர்க்க வெட்டி ரீல்ஸா போடுறது வழக்கம், தம்பி முகம் அதுல வரக் கூடாதுன்னு காமெடியனுக்கும் ஷோ நடத்தினவங்களுக்கும் இன்னிக்கே மெயில் போடுங்க.

வேளச்சேரி அக்கா:
எல்லாருக்கும் நன்றி. முதல்ல எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு, பஃபர்னு சொன்ன அந்த நிமிஷம் எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. தம்பி பார்க்கலேன்னு நினைச்சேன். நேத்து இதப் பத்தி கேட்டப்ப அவன் பேசல, பக்கத்துல உக்காந்துகிட்டே "கூட்டம் சிரிச்சது பரவால்ல, உன்ன திரும்பிப் பார்த்தேன்"னு வாட்ஸ்அப்ல அனுப்பினான். மன்னிப்பு கேட்டேன், அழுதுட்டேன். இந்த த்ரெட்ட முழுசா அவன்கிட்ட காட்டினேன், மெதுவா பேசுறவன் அண்ணா எழுதினத ரெண்டு தடவை படிச்சான். மெயில் நான் போடுறேன்னேன், வேணாம் நானே எழுதுறேன்னுட்டான். பக்கத்து ரூம்ல டைப் பண்ணிட்டு இருக்கான்.